எட்டு மட்டும் போதாது, மாஸ்டர்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்களுக்கும், அங்கே வண்டி கற்றுக்கொடுக்கும் மாஸ்டர்களுக்கும்,

வணக்கம்.

அரசுப் பேருந்தில் 27 வருஷம் ஸ்டியரிங் பிடித்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை, தஞ்சாவூரிலிருந்து நாகை, மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி என்று டெல்டாவில் நான் ஓட்டாத ரூட் குறைவு. உங்களில் சிலர் என் பஸ்ஸில் ஏறிப் பள்ளிக்கூடம் போயிருக்கவும் கூடும். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். ரவுண்டானாவில் எந்த லேனில் போக வேண்டும் என்பதை உங்களிடம் படிக்க வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். வாயால் சொன்னால் போதாது. கூட்டிக்கொண்டு போய்ச் சுற்ற வையுங்கள்.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்பு நடந்தது இது. நான்கு சாலை கூடுகிற பெரிய ரவுண்டானா. நான் தெற்கிலிருந்து வருகிறேன். வலப்பக்கம், கிழக்கே போகிற சாலையைப் பிடிக்க வேண்டும். அதனால் உள் லேனில், நடுத்திட்டை ஒட்டிச் சுற்றி வந்தேன். மேற்குச் சாலை போனது, வடக்குச் சாலை போனது. இடது இண்டிகேட்டரைப் போட்டு வெளியே திருப்பினேன். மேற்கிலிருந்து ஒரு ஸ்கூட்டி நுழைந்து, என் பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே வெளி ஓரமாக வந்துகொண்டிருந்திருக்கிறது. ஓட்டியது கல்லூரி முதலாண்டு படிக்கும் பெண். லைசென்ஸ் எடுத்து மூன்று வாரம். அவள் போக வேண்டியது தெற்கே. அதாவது அவளும் முக்கால் சுற்று சுற்ற வேண்டியவள்தான். ஆனால் ஓரத்தை விட்டு நகரவே இல்லை. நான் வெளியே போகும் வழிக்குக் குறுக்கே நேராக வந்தாள். பஸ்ஸின் இடது பின்பக்கம் தட்டி விழுந்தாள். காலில் இரண்டு இடத்தில் முறிவு.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் அம்மா என்னைத் திட்டவில்லை, நாற்காலியை நகர்த்திப் போட்டார். அந்தப் பெண் கேட்டாள்: “ஓரமாவே போனா ஒண்ணும் ஆகாதுன்னு கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க அங்கிள். நான் ஓரமாத்தானே போனேன்?”

இண்டிகேட்டரை நான் இன்னும் ஒரு நொடி முன்னால் போட்டிருக்கலாம். இடப்பக்கக் கண்ணாடியை இன்னொரு தடவை பார்த்திருக்கலாம். அந்தப் பங்கு என்னுடையது, அதை மறைக்கமாட்டேன். ஆனால் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான் மட்டும் இல்லை. அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் கெட்ட எண்ணத்தில் அப்படிச் சொல்லவில்லை. நம் எல்லோருக்கும் நம் வாத்தியார்கள் சொன்னதைத்தான் அவரும் சொன்னார்.

நேர்ச்சாலையில் ஓரம் என்பது ஒதுங்குகிற இடம். ரவுண்டானாவில் அதே ஓரம், வெளியே போகிறவர்களின் வாசல். கிழக்கே போகிறவரும் மேற்கே போகிறவரும் அந்த ஓரத்தைத் தாண்டித்தான் வெளியேற வேண்டும். வாசல்படி வழியாகவே வீட்டைச் சுற்றி வருகிறேன் என்றால், ஒவ்வொரு வாசலிலும் வெளியே வருகிற ஆள் மேல் மோத வேண்டியதுதான். இந்த ஒரு விஷயத்தைப் பிள்ளைகள் மனதில் பதிய வைத்துவிட்டால் மீதி வேலை சுலபம்.

டூவீலருக்கு எட்டுப் போடச் சொல்லிக்கொடுக்கிறோம். காருக்கு எட்டோ ஹெச்சோ. கால் ஊன்றாமல் எட்டுப் போட்டால் பாஸ். எட்டு என்பது இரண்டு வட்டம். காலி மைதானத்தில் இரண்டு வட்டம் போடத் தெரிந்த பிள்ளைக்கு, நான்கு பக்கமும் வண்டி வருகிற ஒரே ஒரு வட்டத்தில் எங்கே நுழைந்து எங்கே வெளியேறுவது என்று தெரியவில்லை. எல்எல்ஆர் தேர்வில் சிவப்பு முக்கோணத்துக்குள் மூன்று அம்புகள் ஒன்றையொன்று துரத்துகிற படத்தைக் காட்டினால் சரியான விடையைத் தொட்டுவிடுகிறார்கள். அதே பலகையைச் சாலையில் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்றால் விழிக்கிறார்கள்.

நான் என் பேத்திக்குச் சொல்லிக்கொடுத்த விதத்தைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். களத்தில் கோலமாவால் பெரிய வட்டம், அதற்குள் ஒரு திட்டு, நாலு பக்கமும் நாலு சாலை. முதலில் நடந்தே சுற்றினோம். எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று அவளுக்குக் குழப்பமே வரவில்லை. கோயிலில் வலம் வருவதுபோலத்தான்: சந்நிதி எப்போதும் நம் வலக்கைப் பக்கம். ரவுண்டானாவிலும் திட்டு வலக்கைப் பக்கம். வலது பக்கம் போக வேண்டும் என்பதற்காகத் திட்டுக்கு இந்தப் பக்கமாகவே குறுக்கே புகுகிறார்களே, அது அப்பிரதட்சிணம். அதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. எந்த அவசரத்திலும் கூடாது.

அடுத்தது லேன். பிராகாரத்தில் மூன்று சுற்று சுற்றுகிறவர் உள்பக்கமாக நடப்பார். வாசலுக்குத் திரும்பப் போகிறவர் வெளிப்பக்கம் ஒதுங்கிவிடுவார். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, கூட்டத்தில் இடித்துக்கொள்ளாமல் நடக்க வேண்டும் என்றால் அதுதான் வழி. சாலையிலும் அதே கணக்கு. இடது பக்கம் முதல் சாலையிலேயே வெளியேற வேண்டுமா, இடது லேனில் வந்து, இடது இண்டிகேட்டரோடு நுழைந்து, ஓரமாகவே போய்விடலாம். நேரே போக வேண்டுமா, தரையில் அம்புக்குறி வேறு மாதிரி சொன்னாலொழிய இடது லேன்தான். நுழையும்போது இண்டிகேட்டர் வேண்டாம். முதல் சாலையைத் தாண்டிய பிறகு இடது இண்டிகேட்டர் போட்டு வெளியேறலாம். வலது பக்கம் போகிறவரும், வந்த வழியே திரும்புகிறவரும் மட்டும் வலது லேனைப் பிடிக்க வேண்டும். வலது இண்டிகேட்டரோடு நுழைந்து, திட்டை ஒட்டிச் சுற்றி, தான் போக வேண்டிய சாலைக்கு முந்தைய சாலையைத் தாண்டியதும் இடது இண்டிகேட்டர். கண்ணாடியைப் பார்த்து, தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, பிறகு வெளி லேன், பிறகு வாசல்.

இடது இண்டிகேட்டர் என்பதை அடிக்கோடு போட்டுச் சொல்கிறேன். வலது இண்டிகேட்டர் போட்டு நுழைகிறவர்கள் பாதிப் பேர் அதை அணைக்க மறந்து, வலதில் மின்னிக்கொண்டே இடது பக்கம் வெளியேறுகிறார்கள். பின்னால் வருகிறவன் எதை நம்புவான்?

இதெல்லாம் வட்டத்துக்குள் வந்தபின் எடுக்கிற முடிவு இல்லை. திருவாரூர் ஆழித்தேர் வீதி முனையில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். முனை வருவதற்கு முன்னாலேயே வடத்தை எந்தப் பக்கம் இழுப்பது, முட்டுக்கட்டையை எந்தச் சக்கரத்துக்குக் கொடுப்பது என்று முடிவாகிவிடும். முனைக்கு வந்தபின் யோசித்தால் தேர் யார் வீட்டுத் திண்ணையிலாவது போய் நிற்கும். பிள்ளைகளிடம் அந்த முக்கோணப் பலகையைக் கண்டதுமே கேளுங்கள்: “எந்த ரோட்டுல வெளிய போகப் போற?” பதில் வந்த பிறகுதான் லேன். பதில் வராத பிள்ளையை நுழைய விடாதீர்கள்.

நுழைகிற இடத்தில் இன்னொரு தப்பும் நடக்கிறது. “பெரிய வண்டிக்கு வழி விடு, சின்ன வண்டின்னா நுழைஞ்சிரு” என்பதுதான் நம் பக்கத்துச் சட்டமாக இருக்கிறது. எழுதப்பட்ட விதி அது இல்லை. உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, நுழைகிறவர் காத்திருக்க வேண்டும். 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் சொல்வதும் இதுதான். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் சுற்றி வருகிற வண்டி எப்போதும் நம் வலப்பக்கமிருந்துதான் வரும். ஆகவே நுழையும்போது பார்வை வலப்பக்கம். நமக்கு இந்த ரவுண்டானாவைக் கொடுத்த பிரிட்டனிலேயே 1966-இல்தான் இதை விதியாக்கினார்கள். அதற்கு முன்பு நுழைகிறவன் புகுந்துகொண்டே இருப்பான், உள்ளே இருப்பவன் வெளியேற முடியாமல் நிற்பான், வட்டமே பூட்டிக்கொள்ளும். வேளாங்கண்ணித் திருவிழா நாட்களில் நம் ரவுண்டானாக்கள் பூட்டிக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 1966 ஞாபகத்துக்கு வரும். உள்ளே இருப்பவனை முதலில் வெளியே விட்டால் தண்ணீர் வடிவதுபோல் வடிந்துவிடும்.

இனி பஸ்காரனாக ஒன்று சொல்ல வேண்டும், இதைப் பயிற்சிக் காரில் உட்கார்ந்து யாரும் தெரிந்துகொள்ள முடியாது. பஸ் ஏறக்குறைய 11 மீட்டர் நீளம். வளைவில் முன்சக்கரம் போகிற தடத்தில் பின்சக்கரம் வராது, உள்வாங்கித்தான் வரும். வட்டத்துக்குள் சுற்றும்போது பின்சக்கரம் திட்டுப் பக்கம் உள்வாங்கும். அதற்காகத்தான் நாங்கள் திட்டிலிருந்து கொஞ்சம் இடம் விட்டுச் சுற்றுவோம். வெளியேறும்போது இடது ஓரத்துப் பக்கம் உள்வாங்கும். அதற்காக அங்கேயும் கொஞ்சம் இடம் விட்டுத் திருப்புவோம். டூவீலர்காரருக்கு அந்த இரண்டு இடமும் தனக்காகத் திறந்துவிட்ட சந்துபோலத் தெரியும். அது அவருக்கான இடம் இல்லை, பின்சக்கரத்துக்கான இடம். சில நொடிகளில் சக்கரம் அங்கே வந்துவிடும். ரவுண்டானாவில் பஸ், லாரிக்குப் பக்கத்தில் போகவே கூடாது. முன்னால் போ, அல்லது பின்னால் வா. தை, மாசியில் சம்பா அறுவடை சமயத்தில் இது இன்னும் மோசம். வைக்கோல் பாரம் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு வருகிற வண்டி, அறுவடை இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு வருகிற லாரி, இவர்களுக்குக் கண்ணாடியில் பின்னால் இருப்பது ஒன்றும் தெரியாது. அவர்கள் இரண்டு லேனையும் அடைத்துக்கொண்டுதான் சுற்றுவார்கள். சுற்றட்டும், அரை நிமிஷம் பின்னால் நிற்கலாம்.

போக வேண்டிய சாலையைத் தவறவிட்டால்? இதை எந்த மாஸ்டரும் சொல்லிக்கொடுத்து நான் கேட்டதில்லை. பதற்றத்தில் சடாரென்று வெட்டுகிறார்கள், இல்லை நடுவில் பிரேக் அடித்து நிற்கிறார்கள். நான் பார்த்த மோதல்களில் பல அந்த இரண்டில் ஒன்றால் வந்தவை. இன்னொரு சுற்று சுற்றி வரச் சொல்லுங்கள். ரவுண்டானாவின் வசதியே அதுதானே, தவறவிட்ட சாலை அரை நிமிஷத்தில் மறுபடி நம் முன்னால் வந்து நிற்கும். பயிற்சியின்போது வேண்டுமென்றே ஒரு தடவை தவறவிடச் சொல்லி, முழுச் சுற்று சுற்ற வையுங்கள். அதற்கப்புறம் அந்தப் பிள்ளைக்கு அந்தப் பயம் போய்விடும்.

நீங்கள் கேட்கப்போவதும் எனக்குத் தெரியும். “கோடே இல்லாத ரவுண்டானாவுல லேன் எங்க இருக்கு?” உண்மைதான். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்தால் போட்ட பெயின்ட் பாதி போய்விடும். ஊருக்கு நடுவே சிலையைச் சுற்றியிருக்கிற சின்ன வட்டங்களில் இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் சுற்ற இடமே கிடையாது, அங்கே ஒருவர் பின் ஒருவர்தான். ஆனால் இரண்டு பஸ் அகலம் இருக்கிற வட்டத்தில் கோடு அழிந்திருந்தாலும் லேன் அழியாது. திட்டின் கறுப்பு வெள்ளைக் கட்டையை ஒட்டி ஒரு வண்டி அகலம் உள் லேன், அதற்கு அடுத்தது வெளி லேன். கண்ணால் அளந்து ஓட்டப் பழக்கிவிட்டால் கோடு வரும்போது இன்னும் சுலபமாக இருக்கும். கோடு போடக் கேட்டு நான் தனியாக மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், அந்தப் பொறுப்பு உங்களுடையது இல்லை.

வெளி லேனைக் கெடுப்பதில் எங்கள் பங்கும் உண்டு. ரவுண்டானாவை விட்டு வெளியேறும் வாயிலேயே பஸ்ஸை நிறுத்தி ஆள் ஏற்றுவது, மினி பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் அங்கேயே நிற்பது. பின்னால் வருகிறவன் வேறு வழியில்லாமல் உள் லேனுக்கு ஒடிப்பான். நானும் அப்படி நிறுத்தியிருக்கிறேன், கைகாட்டி நிற்பவரை விட்டுவிட்டுப் போக மனசு வராமல். இப்போது தப்பென்று தெரிகிறது. உங்களிடம் ஹெவி லைசென்ஸுக்கு வருகிறவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: வாயிலிருந்து தள்ளிப் போய் நிறுத்த வேண்டும், ஆள் நடந்து வரட்டும்.

2028-இல் மகாமகம் வருகிறது. கும்பகோணத்தைச் சுற்றி எத்தனை வெளியூர் வண்டி வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வழி தெரியாதவர்கள் பலகையைப் பார்த்துக்கொண்டே ரவுண்டானாவுக்குள் தடுமாறுவார்கள். நம் பிள்ளைகளாவது தடுமாறாமல் சுற்றினால் அவர்கள் நம்மைப் பார்த்துச் சுற்றுவார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. டெஸ்டுக்கு அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நிஜமான ரவுண்டானாவுக்குக் கூட்டிப் போங்கள். முதல் சுற்றில் இடது, அடுத்ததில் நேர், அதற்கடுத்ததில் வலது, கடைசியாக ஒரு முழுச் சுற்று. பெட்ரோல் செலவு உண்டு, நேரம் உண்டு. தெரிந்துதான் கேட்கிறேன். அந்தப் பெண் இப்போது நன்றாக நடக்கிறாள், ஆனால் ஸ்கூட்டியைத் தொடவே இல்லையாம். அவள் அம்மாதான் போனில் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு ரவுண்டானாக்கள் காலியாக இருக்கும். ஆள் துணை வேண்டும் என்றால் சொல்லி அனுப்புங்கள். சிவப்புக் கொடியோடு நான் வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர்