பாட்டிலுக்குப் பூசிய பெயின்ட்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் மகளிர் பக்கத்தில் வரும் 'வேஸ்ட்டில் கலைப்பொருள்' செய்முறைகளை விடாமல் படிப்பவள் நான். சில மாதங்களுக்கு முன் குளிர்பான பாட்டிலில் பூச்சாடி செய்யச் சொல்லியிருந்தீர்கள். தேவையானவை: கோல்டு ஸ்பிரே பெயின்ட், க்ளூ கன், ஜிகினாத் தூள், சாட்டின் ரிப்பன். இத்தனையும் காசு கொடுத்து வாங்கி, காசில்லாத பாட்டிலின் மேல் ஒட்ட வேண்டும்.

ஆசை யாரை விட்டது, செய்தேன். டிவி ஸ்டாண்டில் மூன்று மாதம் இருந்தது. ஜிகினா உதிர்ந்து சோற்றுத்தட்டு வரைக்கும் வர ஆரம்பித்ததும் பழைய பேப்பர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இதை யாரும் எடுக்க மாட்டாங்கம்மா. வெறும் பாட்டிலா கொண்டாந்திருக்கலாமே" என்றார். சும்மா விட்டிருந்தால் எடைக்குப் போய், உருகி, நூலாகவாவது மாறியிருக்கும். நான் அழகுபடுத்தப் போய் அது கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் போனது.

கொடுங்கையூர் எங்களுக்கு வெறும் செய்தி இல்லை. சென்னை மாநகராட்சியின் 1 முதல் 8 வரையிலான மண்டலங்களின் குப்பை போய்ச் சேரும் இடம் அது. என் தங்கை வீடு எருக்கஞ்சேரியில். காற்று அந்தப் பக்கமிருந்து திரும்பினால் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்கள்.

பள்ளிக்கூடங்களும் இதில் சளைத்தவை இல்லை. வீட்டில் வீணாகும் பொருளில் ஏதாவது செய்து வா என்று என் மகனிடம் சொல்லி அனுப்பினார்கள். ஃபேன்சி ஸ்டோரில் ஐஸ் குச்சி பாக்கெட்டுக்கு அம்மாக்கள் கூட்டம். நானும் அதில் ஒருத்தி.

என் மாமியார் 'வேஸ்ட்டில் கலைப்பொருள்' என்ற வார்த்தையெல்லாம் கேள்விப்பட்டதில்லை. அவருடைய வாயில் ரகப் பருத்திப் புடவை ஒன்று என் மகனுக்குத் தூளியானது. அப்புறம் வடாம் துணி. பிளாஸ்டிக் ஷீட்டில் வடாம் போட்டால் அடியில் வேர்த்துவிடும். நைந்த பருத்தியில் போட்டால் ஈரத்தைத் துணியே இழுத்துக்கொள்ளும். காய்ந்ததும் துணியைக் கவிழ்த்துப் போட்டு, முதுகில் தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் விடுவார். வடாம் உடையாமல் உரிந்து வரும். இரண்டு கோடைக்குப் பிறகு அதே துணி அடுப்படியில் பிடிதுணி. கடைசியில் குப்பைக்குப் போனது உள்ளங்கை அகலம்தான்.

எனக்கு அந்த அளவுக்குக் கை வராது. காசிமேட்டிலிருந்து உடைந்த தெர்மாகோல் மீன் பெட்டி இரண்டு வாங்கி வந்து, மாடியில் மண் நிரப்பிச் சிறுகீரை விதைத்தேன். கீரை முளைப்பதற்குள் தெருப் பூனைகள் மோப்பம் பிடித்து வந்து மண்ணைக் கிளறிவிட்டன. வெயிலில் பெட்டியும் பொடிப்பொடியாக உதிர்கிறது. இதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஆனால் கால்மிதி உண்டு. கிழிந்த பனியனை இரண்டு விரல் அகலத்துக்கு நாடாவாக நறுக்கி இழுத்துவிட்டால், ஓரம் தானாகச் சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். மூன்றைச் சேர்த்து ஜடை பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தால் சரி. எங்கள் வீட்டு வாசலில் கிடப்பதற்கு நான்கு வயது. எம்.சி. ரோடு பக்கம் தையல்காரர்கள் வெட்டிப்போடும் துணியிலும் இதைச் செய்யலாம். உங்கள் மகளிர் பக்கத்தில் இடமிருந்தால் படத்தோடு எழுதி அனுப்புகிறேன். தேவையானவை: பழைய பனியன் நான்கு, ஊசி நூல், கத்தரிக்கோல்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21