சுற்றிய துணியும் சிற்பம்தான்

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த, பசிபிக் பெருங்கடலின் பாலினேசியத் தீவுகளைச் சேர்ந்த மரச்சிற்பங்கள் பற்றிய படக்கட்டுரையை விரும்பிப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கட்டுரை முழுக்கச் செதுக்கிய வேலைப்பாட்டைப் பற்றியே பேசுகிறது. அந்தத் தீவுகளில் ஒரு மரம் செதுக்கி முடித்ததுமே தெய்வமாகிவிடவில்லை. அதன்மேல் எதைச் சுற்றினார்கள், எதனால் கட்டினார்கள், உள்ளே என்ன வைத்தார்கள் என்பதும் சேர்ந்ததுதான் அந்தக் கலை.

குக் தீவுகளில் உள்ள ராரோடோங்கா தீவின் தெய்வத் தண்டையே, அதாவது தெய்வமாக வணங்கிய நீண்ட மரத்தண்டையே எடுத்துக்கொள்வோம். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் தண்டு கிட்டத்தட்ட 4 மீட்டர் நீளம். மரம் வேறொன்றுமில்லை, நம் கடற்கரையோரம் வரிசையாக நிற்கிற அதே சவுக்கு. மேல்முனையில் பெரிய தலை, அதற்குக் கீழே சின்னச் சின்ன உருவங்கள். நடுப்பகுதி முழுவதும் மரப்பட்டைத் துணியைக் கனமாகச் சுற்றியிருக்கிறார்கள். துணிக்கும் மரத்துக்கும் நடுவே சிவப்பு இறகுகளும் முத்துச்சிப்பித் துண்டுகளும் வைப்பார்கள். அவைதான் அந்தத் தெய்வத்தின் உயிர் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. செதுக்கியது ஆண்கள், பட்டையை அடித்துத் துணியாக்கியது பெண்கள். துணியைக் கணக்கில் எடுக்காவிட்டால் அந்தப் பெண்களின் பங்கும் கணக்கிலிருந்து போய்விடுகிறது. எனக்கு இதுதான் பெரிய குறை.

துணியோடு எஞ்சியிருக்கும் பெரிய தண்டு அது ஒன்றுதான். 1820களில் மக்கள் கிறிஸ்தவத்துக்கு மாறியபோது மற்றவற்றின் துணியை உரித்தார்கள், பலவற்றை எரித்தார்கள், சிலவற்றில் தலைப்பகுதியை மட்டும் அறுத்து வைத்துக்கொண்டார்கள். பல மியூசியங்களில் இன்று நாம் ரசிப்பது அப்படி அறுபட்ட துண்டுகளைத்தான்.

பாலினேசியாவின் இன்னொரு தீவான ருருத்துவின் 'ஆ ஆ' என்ற மரத்தெய்வச் சிலை விஷயமும் இப்படித்தான். உயரம் 117 சென்டிமீட்டர். கண், மூக்கு, வாய் எல்லாம் குட்டி உருவங்களாலேயே ஆனவை. உடம்பெங்கும் மொத்தம் 30. கட்டுரை இதை நன்றாகவே விவரித்தது, சரி. ஆனால் சிலையின் முதுகில் ஒரு மூடி இருக்கிறது, உள்ளே குடைந்திருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. 1821இல் ருருத்து மக்கள் அதை மிஷனரிகளிடம் ஒப்படைத்தபோது உள்ளே சிறு தெய்வ உருவங்கள் இருந்தன. அவை இன்று இல்லை. முன்னோரின் எலும்புகளை வைக்கத்தான் அதைக் குடைந்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். இது தெரிந்தபின் அந்தச் சிலையை வெறும் வடிவமாகப் பார்க்க முடிவதில்லை.

அடுத்த பகுதியில் மங்கையா தீவின் சடங்குக் கோடரிகள் வரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். பிடியின் நுணுக்கச் செதுக்கலோடு, கல் அலகைத் தென்னை நார்க் கயிற்றால் பின்னிக் கட்டியிருக்கும் இடமும் நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு படமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்