பெடல் பட்டியலுக்கு முன்னால் பவர் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிட்டார் பெடல்போர்டைக் கலைத்துவிட்டுப் புதிதாக அமைப்பது பற்றி உங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த மாதிரி விஷயத்துக்கு ஒரு நாளிதழ் முழுப் பக்கம் ஒதுக்கியதே பெரிய சந்தோஷம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரை போன வரிசைதான் எனக்கு இடிக்கிறது. எந்த ஓவர்டிரைவ் நல்லது, எந்த டிலே நல்லது என்று முக்கால் பக்கம் ஓட்டிவிட்டு, கடைசிப் பத்தியில் நல்லதாக ஒரு பவர் சப்ளையும் வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். போர்டைப் பிரித்து மறுபடி கட்டுகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அந்த ஒரு வரியில்தான். புதுப் பெடல் வந்து இறங்கிவிடும், போர்டிலும் அழகாக உட்கார்ந்துவிடும், ஆனால் ஆம்பைப் போட்டதும் 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம் வரும், அப்புறம் குற்றம் சொல்வது பெடலை.

கிட்டார் வாசிக்காத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கிட்டாருக்கும், அதன் ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்புக்கும் நடுவே, காலால் மிதித்துப் போடவும் அணைக்கவும் வைத்திருக்கும் சின்னப் பெட்டிகள்தான் பெடல்கள். ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபஸ் போன்றவை ஒலியைக் கரகரக்க வைக்கும், டிலே எதிரொலி தரும், கோரஸ் அலையடிக்க வைக்கும். அவற்றை ஒரு பலகையில் பொருத்தி வரிசையாக இணைத்தால் அது பெடல்போர்டு.

சரி, மின்சாரத்துக்கு வருகிறேன். பெரும்பாலான பெடல்கள் கேட்பது 9 வோல்ட் டிசி, பிளக்கின் நடுமுனை நெகட்டிவ். ஆனால் எல்லாமே அப்படி இல்லை. 12, 18 வோல்ட் கேட்பவை உண்டு, ஏசி கேட்பவை உண்டு, நடுமுனை பாசிட்டிவாக இருப்பவையும் உண்டு. அடாப்டர் சொருகும் துளைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம் அச்சடித்திருப்பார்கள்: நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி முழுதாக மூடாத ஒரு வட்டம், இரண்டிலிருந்தும் ஆளுக்கொரு கோடு கிளம்பி ஒன்று பிளஸ்ஸிலும் மற்றது மைனஸிலும் போய் முடியும். நடுப்புள்ளியின் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று ஒவ்வொரு பெடலையும் கையில் எடுத்துப் பார்த்து, ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பக்கத்திலேயே வோல்ட், அதற்குப் பக்கத்தில் மில்லியாம்ப், அதாவது பெடல் இழுக்கும் மின்னோட்டத்தின் அளவு. இந்தத் தாள் இல்லாமல் போர்டைத் திட்டமிடுகிறவர் எத்தனை பெடல் வீடியோ பார்த்திருந்தாலும் எனக்கு நம்பிக்கை வராது.

மில்லியாம்ப் என்பது பெடலுக்குப் பெடல் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சாதாரண அனலாக் ஓவர்டிரைவ் பெரும்பாலும் 10 மில்லியாம்ப் அளவோடு திருப்தியாகிவிடும். ஸ்ட்ரைமன் டைம்லைன் போன்ற பெரிய டிஜிட்டல் டிலே குறைந்தது 300 கேட்கும். இங்கேதான் பலர் மொத்தத்தை மட்டும் கூட்டிப் பார்த்து ஏமாறுகிறார்கள். சப்ளை பெட்டியின் மேல் மொத்தம் 1000 என்று போட்டிருக்கலாம், ஆனால் அதன் ஒவ்வொரு வாயிலும் (பெடலுக்குப் பவர் எடுக்கும் துளையிலும்) 100தான் வரும் என்றால், 300 கேட்கிற டிலேயை அதில் சொருகி என்ன பயன்? டிஸ்ப்ளே மினுக்கிவிட்டு அணையும், அல்லது பாட்டு நடுவில் தானாக ரீசெட் ஆகும், அல்லது வேலை செய்துகொண்டே மெல்லிய கீச்சு ஒன்றைச் சேர்த்துக் கொடுக்கும். இந்த மூன்றாவதுதான் மோசம், ஏனென்றால் காரணம் எளிதில் பிடிபடாது. ஆகவே மொத்தத்தையும் பாருங்கள், வாய்க்கு வாயும் பாருங்கள், நாளைக்கு வரப்போகும் இன்னொரு பெடலுக்காகக் கொஞ்சம் மிச்சமும் வையுங்கள்.

இன்னொரு பயத்தையும் இங்கேயே போக்கிவிடுகிறேன். 10 மில்லியாம்ப் கேட்கிற பெடலை 500 தரக்கூடிய வாயில் சொருகினால் கருகிவிடுமா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். கருகாது. பெடல் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும். கூடக் கொடுத்தால் கெடுப்பது வோல்ட். 9 வோல்ட் பெடலுக்கு 18 கொடுத்தால் தாங்குவதும் உண்டு, உயிர் விடுவதும் உண்டு, தயாரித்தவர்கள் தாங்கும் என்று எழுதித் தந்திருந்தால் மட்டும் கை வையுங்கள்.

ஒரே அடாப்டரிலிருந்து பூமாலை மாதிரி வரிசையாகப் பிளக்குகள் தொங்கும் டெய்ஸி செயின் கேபிளைக் கட்டுரை அடியோடு ஒதுக்கியிருக்கிறது. அது கொஞ்சம் அநியாயம். மூன்று நான்கு அனலாக் பெடல்கள் மட்டும் வைத்திருப்பவருக்கு அது தாராளமாகப் போதும். சிக்கல் ஆரம்பிப்பது டிஜிட்டல் பெடலும் அதிக கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) வைத்த டிஸ்டார்ஷனும் ஒரே செயினில் சேரும்போது. டிஜிட்டல் பெடலுக்குள் ஓடும் கடிகாரத் துடிப்பு பவர் கம்பி வழியாகக் கசிந்து வரும், டிஸ்டார்ஷன் அதையும் சிக்னல் என்று நினைத்துப் பெரிதாக்கித் தரும். இதற்குத்தான் ஒவ்வொரு வாயும் மற்றவற்றோடு மின்தொடர்பு இல்லாமல் தனித்து நிற்கும் ஐசொலேட்டட் சப்ளை. பெட்டியில் நிறைய வாய் இருப்பதாலேயே அது ஐசொலேட்டட் ஆகிவிடாது என்பதைக் கட்டுரை சொல்லியிருக்கலாம். உள்ளே எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிவைத்து, வெளியே தனித்தனி வாய் காட்டும் பெட்டிகளும் விற்பனையில் இருக்கின்றன.

ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட பழைய பாணி ஃபஸ் வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸின் மூல வடிவம் பிஎன்பி டிரான்சிஸ்டர்களால் ஆனது, அதில் கிரவுண்டு, அதாவது சர்க்யூட்டின் பொதுக் கம்பி, பாசிட்டிவ் பக்கம். மற்ற எல்லாப் பெடலும் நெகட்டிவ் கிரவுண்டில் ஓடும் செயினில் இதையும் சேர்த்துச் சொருகினால், பெடலுக்குப் பெடல் இணைக்கும் பேட்ச் கேபிளின் வெளிக் கம்பிவலையான ஷீல்டு வழியாகவே சப்ளை ஷார்ட் ஆகிவிடும். தனி வாய் கொடுங்கள், அல்லது பேட்டரி போட்டு ஓட்டுங்கள். பேட்டரி என்றால் ஒரு விஷயம்: பேட்டரி உள்ள பெரும்பாலான பெடல்களில் இன்புட் ஜாக்கில் கேபிள் சொருகியதுமே சர்க்யூட் உயிர் பெற்றுவிடும், காலால் அணைத்து வைத்திருந்தாலும் பேட்டரி தீர்ந்துகொண்டேதான் இருக்கும். வாசித்து முடித்ததும் இன்புட் கேபிளை உருவிவிடுங்கள்.

அடுத்தது கேபிள். இதைக் கட்டுரை தொடவே இல்லை. கிட்டார் கேபிள் சுமாராக மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைப் பிடித்துவைக்கும் தன்மை) உள்ளது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டாரிலிருந்து போர்டுக்கு 6 மீட்டர், போர்டிலிருந்து ஆம்புக்கு 6 மீட்டர், நடுவில் பேட்ச் கேபிள்கள் எல்லாம் சேர்ந்து 2 மீட்டர். எல்லாப் பெடலும் ட்ரூ பைபாஸ் (அணைத்தால் சிக்னலைத் தொடாமல் நேராகக் கடத்திவிடும் வகை), எல்லாம் அணைந்திருக்கிறது என்றால், கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பிக்கப் இந்த 14 மீட்டரையும், அதாவது 1400 பிக்கோஃபாரட்டையும், ஒற்றையாளாகச் சுமக்கிறது. 2.5 ஹென்றி இண்டக்டன்ஸ் உள்ள ஒரு சிங்கிள் காயில் பிக்கப்பை வைத்துக் கணக்குப் போட்டால், 5 மீட்டர் கேபிளோடு ஏறக்குறைய 4.5 கிலோஹெர்ட்ஸில் இருக்கும் அதன் உச்சி (ஒலி மிகப் பலமாக வரும் இடம்), 14 மீட்டரில் 3 கிலோஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. காதுக்கு அது போர்வை போர்த்திய மாதிரி கேட்கும். ட்ரூ பைபாஸ் என்றால் ஒலி கெடவே கெடாது என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் பரவியிருக்கிறதே, அது ஒரு பெடலைப் பொறுத்தவரை சரி, பத்துப் பெடல் வரிசைக்குச் சரியில்லை.

மருந்து பெரிதாக ஒன்றும் இல்லை, வரிசையின் தொடக்கத்தில் ஒரு பஃபர் போதும். 1 மெகாஓம் போல உயர்ந்த இன்புட் இம்பீடன்ஸில் (சிக்னலுக்குக் காட்டும் மின்தடுப்பில்) சிக்னலை வாங்கி, குறைந்த இம்பீடன்ஸில் வெளியே தள்ளுவதால் அதற்குப் பிறகு வரும் கேபிள் நீளம் அவ்வளவாக உறைக்காது. பஃபர் என்று தனியாக வாங்கவும் வேண்டியதில்லை. பாஸ் நிறுவனத்தின் சின்னப் பெடல்களில் பெரும்பாலானவற்றில், பல ட்யூனர்களிலும், அது உள்ளேயே இருக்கிறது. அணைத்து வைத்தாலும் வேலை செய்யும். ஏற்கெனவே கையில் ஒன்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு யோசியுங்கள்.

இங்கேயும் ஃபஸ்தான் குறுக்கே நிற்கும். ஃபஸ் ஃபேஸ் வகைக்கு இன்புட் இம்பீடன்ஸ் மிகக் குறைவு, அதற்குப் பிக்கப்போடு நேரடி உறவு வேண்டும். முன்னால் பஃபர் வைத்தால் ஒலி கீச்சென்று மெலிந்துவிடும், கிட்டாரின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்ததும் ஃபஸ் சுத்தமாகத் தெளியுமே, அந்த அழகும் போய்விடும். ஆக ஃபஸ் முதலில், பஃபர் அதற்குப் பின்னால். பஃபர் உள்ள ட்யூனரை வழக்கம் என்பதற்காக முதலில் வைத்துவிட்டு ஃபஸ்ஸைத் திட்டுவதில் பொருளில்லை.

மற்ற வரிசையைப் பற்றிக் கட்டுரையாளர் சொன்னதை ஏறக்குறைய ஒப்புக்கொள்கிறேன்: கம்ப்ரெசர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்துவது), ஓவர்டிரைவ், கோரஸ் போன்றவை, டிலே, ரிவெர்ப் (அறைக்குள் ஒலிப்பது போன்ற முழக்கம் தருவது). டிலேயை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தால் எதிரொலிகளும் சேர்ந்து கசங்கி வரும், சிலருக்கு அதுவே பிடிக்கும், அது அவரவர் விருப்பம். ஆனால் கரகரப்பை ஆம்பிலிருந்தே எடுப்பவர்கள் டிலேயையும் ரிவெர்பையும் ஆம்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில் (ஆம்பின் கரகரப்புக்குப் பிறகு பெடல்களை நுழைக்கும் இணைப்பில்) போட வேண்டியிருக்கும், அதற்குப் போர்டிலிருந்து ஆம்புக்குக் கூடுதலாக இரண்டு நீளக் கேபிள் போக வேண்டும். இதைப் போர்டு கட்டி முடித்த பிறகு நினைவுக்கு வரவிடாதீர்கள். எந்த ஓரத்தில் எத்தனை ஜாக் வெளியே வரப்போகிறது என்பதைப் பொறுத்துத்தான் மொத்த அமைப்பும் மாறும்.

இட அளவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பாஸ் சிறிய பெடல் ஒன்று 73 மில்லிமீட்டர் அகலம், 129 நீளம். அந்த அளவில் அட்டையை வெட்டி வைத்துப் பார்ப்பதெல்லாம் சரிதான், ஆனால் அட்டைக்கு ஜாக் கிடையாது! பக்கவாட்டில் ஜாக் உள்ள இரண்டு பெடல்கள் அருகருகே வரும்போது நடுவில் இரண்டு பிளக்குகள் ஒன்றையொன்று முட்டும். கையில் இருக்கும் பேட்ச் கேபிளையே சொருகி வைத்து அளந்தால்தான் உண்மை தெரியும். மேல்விளிம்பில் ஜாக் உள்ளவற்றுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனால் அவை பின்வரிசையை மேலே தள்ளும். அடிக்கடி மிதிப்பதை முன்வரிசையில் வையுங்கள், எப்போதும் போட்டே வைத்திருப்பதைப் பின்னால் தள்ளுங்கள். காலால் சாய்த்துச் சாய்த்து 'வா' என்ற ஒலி எடுக்கும் வா பெடலை மட்டும் பவர் சப்ளைக்கு மேலேயோ ஒட்டியோ வைக்க வேண்டாம், அதன் உள்ளே இருக்கும் இண்டக்டர் டிரான்ஸ்ஃபார்மரின் ஹம்மை அப்படியே பிடித்துக்கொள்ளும். பலகையில் திருப்பியோ நகர்த்தியோ பார்த்தால் எந்த இடத்தில் அடங்குகிறது என்று காதுக்கே தெரிந்துவிடும்.

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்: வெல்க்ரோ ஒட்டுவதற்கு முன்னால், எல்லாவற்றையும் தரையில் பரப்பிச் சோதிப்பது. முதலில் கிட்டாரை நேராக ஆம்பில் சொருகி அந்த ஒலியைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பெடல், ஒரு பேட்ச் கேபிள், கேளுங்கள். அடுத்த பெடல், கேளுங்கள். கிட்டார் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து டிஸ்டார்ஷனைப் போட்டால் எது சேர்ந்ததும் இரைச்சல் ஏறியது என்பது அந்த இடத்திலேயே அகப்படும். ஒவ்வொரு பிளக்கையும் லேசாக ஆட்டிப் பாருங்கள், கரகரவென்றால் அந்தக் கேபிளை அப்போதே தூக்கி ஓரமாக வையுங்கள். எல்லாவற்றையும் ஒட்டி, கேபிளை இறுக்கிக் கட்டி, அழகு பார்த்த பிறகு இதே வேலையைச் செய்வது எவ்வளவு எரிச்சல் என்பது செய்தவர்களுக்குத் தெரியும். கட்டும்போதும் பவர் கம்பியை ஒரு பக்கமாகவும் சிக்னல் கேபிளை மறுபக்கமாகவும் ஓட்டி, குறுக்கிட வேண்டிய இடத்தில் செங்குத்தாகத் தாண்ட விடுங்கள்.

பல பெடல்களை ஒரே மிதியில் மாற்றிப் போடும் லூப் ஸ்விட்சர் எல்லோருக்கும் அவசியம் என்று கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே அடியில் கோரஸை அணைத்து, டிஸ்டார்ஷனையும் டிலேயையும் போட வேண்டிய இடம் நீங்கள் வாசிக்கும் பாட்டுகளில் அடிக்கடி வருகிறதா? வந்தால் வாங்குங்கள். எப்போதோ ஒரு பாட்டில் வருகிறது என்றால் அதற்காக இன்னொரு பெட்டி, ஒவ்வொரு பெடலுக்கும் போக ஒன்று வர ஒன்று என்று கூடுதல் கேபிள், அவற்றில் ஏதாவது ஒன்று கெட்டால் தேடுகிற வேலை, இதெல்லாம் வேண்டாத சுமை.

ஆசிரியருக்கு ஒரு கோரிக்கை. இந்தத் தொடரின் அடுத்த பகுதியிலும் பிரபலக் கலைஞர்களின் போர்டுப் படங்கள் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். போடுங்கள், பார்க்க நானும் ஆவலாகத்தான் இருக்கிறேன். கூடவே ஒரு சின்னக் கட்டத்தில் எந்தப் பெடல் எத்தனை வோல்ட், எத்தனை மில்லியாம்ப், என்ன சப்ளை, பஃபர் எந்த இடத்தில் என்பதையும் கேட்டு வாங்கிப் போட முடியுமா? முடிந்தால் பலகையைக் கவிழ்த்துப் போட்டு எடுத்த படம் ஒன்றும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்