செயலாளர் அறிக்கை 2024–25: மணி அடிக்காத பழக்கம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் செய்த வேலைகளை இங்கே சொல்கிறேன். நிர்வாகக் குழு மாதம் தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரும் உடற்கல்வி ஆசிரியர் ஒருவரும் இந்த ஆண்டு உறுப்பினராகச் சேர்ந்தது நமக்குப் பெரிய பலம். மற்ற விவரங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. மத்திய சிறையில் நாம் நடத்தும் உடல்நல வகுப்பைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும்.

வகுப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் குடி, கஞ்சா, வலி மாத்திரை என்று ஏதோ ஒன்றில் சிக்கியிருந்தவர்கள். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். அந்த ஊர்க்காரர்களாக இருந்துகொண்டு குடியைப் பற்றிப் பேசும்போது நமக்குப் பொறுப்பு கொஞ்சம் கூடுதல் என்றே நினைக்கிறேன்.

முதல் வகுப்பில் செவிலியர் அம்மா ஒவ்வொருவர் கையிலும் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டம்ளரைக் கொடுப்பார். வேறு எதுவும் சொல்லமாட்டார், பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வார், அவ்வளவுதான். ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை பார்த்த ஒருவர், முப்பது வயது இருக்கும், இரண்டு கையாலும் பிடித்தும் தண்ணீர் நிற்கவில்லை. சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்துவிட்டார். ஐந்தாவது வாரம் அதே டம்ளரை ஒரு கையில் ஏந்தி, வரிசையின் கடைசி வரை நடந்து திரும்பி வந்தார். தரையில் ஒரு சொட்டு இல்லை. "இது என் கைதானுங்களா?" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு வேறு பாடமே நடத்தவில்லை.

ஆனால் குடி திடீரென்று நிற்பதில் ஆபத்தும் இருக்கிறது. தினமும் நிறையக் குடித்தவருக்குச் சட்டென்று நின்றால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் குழப்பம், இல்லாத பூச்சி ஊர்வதுபோலத் தெரிவது, காய்ச்சல் என்று முற்றினால் உயிருக்கே ஆபத்து. இதற்கு மருந்து உண்டு, பி1 வைட்டமின் ஊசியும் போடுவார்கள். ஆனால் ரிமாண்டில் வருகிறவர், "எனக்குத் தினமும் குடிக்கிற பழக்கம்" என்று மருத்துவரிடம் சொல்ல வெட்கப்படுகிறார். வீட்டாரும் மறைக்கிறார்கள். உள்ளே இருப்பவரை மனு போட்டுப் பார்க்க வரும் குடும்பங்களிடம் இந்த ஆண்டு நாம் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: மருத்துவரிடம் சொல்லுங்கள், அதனால் வழக்கு ஒன்றும் அதிகமாகாது, உயிர் மிஞ்சும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனதை யாரும் மறந்திருக்க முடியாது. பலரை நம் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் தூக்கி வந்தார்கள். அந்த வாரம் வகுப்பில் வேறு பேச்சே இல்லை. கண் எப்படிப் போகிறது என்று கேட்டார்கள். மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது என்பதைச் செவிலியர் அம்மா கரும்பலகையில் வரைந்து காட்டினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் மூன்று பேருக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

அப்புறம் பீடியும் புகையிலையும். ஒன்றை விட்டவர் இன்னொன்றில் ஈடுகட்டுவது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். வாய்க்குள் தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தால் காட்டச் சொன்னோம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை. காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை தவறக்கூடாது. வெளியே போனாலும் மருந்தோடு மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துக்காக அரசு தருகிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. ஊசியைப் பகிர்ந்தவர்களுக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி நோய்க்கான பரிசோதனை பற்றிச் சொன்னோம். பெரும்பாலோருக்கு அது 12 வார மாத்திரையில் குணமாகும் நோய், அதுவும் இலவசமாக. வெளியே கிடைக்கும் அதே தரத்தில் உள்ளேயும் மருத்துவம் கிடைக்க வேண்டும் என்று 2015ல் ஐ.நா. ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள் சொல்கின்றன. நம்மோடு ஒத்துழைத்த சிறை மருத்துவர்களுக்கும் அலுவலர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

உள்ளே பலருக்கு உடம்பு தேறுகிறது. வேளைக்குச் சாப்பாடு, வேளைக்குத் தூக்கம். கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் ஆனதும் வீட்டார் சந்தோஷப்படுகிறார்கள். ஆனால் அந்தப் பழக்கம் எல்லாம் சிறை மணிக்குக் கட்டுப்பட்ட பழக்கம். மணி அடிக்காத இடத்துக்குப் போனதும் என்ன ஆகும்? அதனால் ஒவ்வொருவரும் யாரும் சொல்லாமல் தானாகச் செய்யும் ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னோம். காப்பித் தோட்டத்துக்காரர் ராத்திரி பல் துலக்குவதை எடுத்துக்கொண்டார். நான்கு மாதம் ஒரு நாளும் விடவில்லை என்று அவர் சொன்னபோது முகத்தில் தெரிந்த பெருமை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

இனிச் சொல்லப்போவது எனக்குச் சிரமமானது. வகுப்புக்கு ஒழுங்காக வந்த இன்னொரு இளைஞர், ஊசி வழியாக வலி மாத்திரை ஏற்றிப் பழகியவர், ஜாமீனில் வெளியே வந்தார். உத்தரவு வந்து சேர மாலை ஆகிவிட்டது. அழைத்துப் போக யாரும் வரவில்லை. ஏற்காடு பஸ்ஸைத் தவறவிட்டு ஊருக்குள் பழைய சிநேகிதரோடு தங்கியிருக்கிறார். ஒன்பதாம் நாள் இறந்துவிட்டார். விடுதலைச் செய்தி எனக்கு முன்பே வந்திருந்தது. மறுநாள் போய்ப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். அந்தத் தவறு என்னுடையது.

போதையைச் சில வாரம் விட்டிருந்தாலே பழைய அளவைத் தாங்கும் சக்தி உடம்புக்குக் குறைந்துவிடுகிறது. மனசுக்கு மட்டும் பழைய அளவே ஞாபகம் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் செய்து 2007ல் வெளியான ஆய்வு ஒன்றில், சிறையிலிருந்து வந்தவர்கள் முதல் இரண்டு வாரத்தில் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 13 மடங்காக இருந்தது. போதைப்பொருள் அளவு மீறி இறப்பதை மட்டும் எடுத்தால் 129 மடங்கு. நாமோ வருடம் முழுக்க உள்ளே பாடம் நடத்திவிட்டு, அந்த இரண்டு வாரத்தைக் காலியாக விட்டிருக்கிறோம்.

ஆகவே வரும் ஆண்டுக்கு நிர்வாகக் குழு வைக்கும் தீர்மானம் இது. வகுப்புக்கு வந்த ஒவ்வொருவரும் விடுதலையாகும்போது நம்மில் ஒருவர் வாசலில் நிற்க வேண்டும், எத்தனை மணியானாலும் சரி. மருந்துச் சீட்டைக் கையில் வாங்கி, வீடு வரை கூடப் போக வேண்டும். மலைக்காரர் என்றால் கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி அவர் வீட்டு வாசல் வரை. வெளியே வந்ததைக் கொண்டாடப் பாட்டில் வாங்கும் சிநேகிதர்களைப் பற்றி வீட்டாரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். பதினான்கு நாளும் ஒருவர் போன் செய்ய வேண்டும். போதை மறுவாழ்வுக்கான 14446 எண்ணை அட்டையில் அச்சிட்டு எல்லோருக்கும் தர வேண்டும். அரசு மருத்துவமனைக்கு முதல் தடவை தனியாக அனுப்பக் கூடாது.

காப்பித் தோட்டத்துக்காரர் வரும் மாதம் விடுதலையாகிறார். அவருக்கு நான் போகிறேன். அடுத்தடுத்த பெயர்கள் என்னிடம் இருக்கின்றன. கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும்போது நோட்டு மேசையில் இருக்கும், உங்கள் பெயரையும் போன் நம்பரையும் எழுதிவிட்டுப் போங்கள். பைக் இருக்கிறவர்கள் அதையும் குறிப்பிடுங்கள்.

தங்கள் அன்புள்ள,
செயலாளர்