பழைய பாய்மரப் படகு வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

பாய்மரப் படகு வீராங்கனை நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போன பிறகு, பிள்ளைகளுக்காகப் பழைய லேசர் படகு (ஒருவர் ஓட்டும் சிறிய பாய்மரப் படகு) தேடும் பெற்றோர் என் ஃபைபர் பட்டறைக்கும் வருகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் பலர் காசு கொடுத்த பிறகுதான் வருகிறார்கள்.

புதுப் பெயிண்டில் மயங்காதீர்கள், முதலில் எடை போடுங்கள். லேசரின் வெற்று உடல் சுமார் 59 கிலோ. ஐந்தாறு கிலோ கூடுதலாக இருந்தால், உள்ளே தண்ணீர் ஊறியிருக்கலாம். தராசுக்கு எங்கே போவது என்கிறார்கள். காயலான் கடையில் தொங்கு தராசு இருக்குமே!

அப்புறம் பாய்மரம் நிற்கும் குழி. அதில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிவிட்டு, டீ குடித்து வந்து பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் குழியில் விரிசல். காற்றின் இழுப்பெல்லாம் அங்கேதான் விழும். நடுக்கடலில் பாய்மரம் தளத்தைப் பிய்த்துக்கொண்டு சாயும். இந்தச் சோதனைக்குச் சம்மதிக்காதவரிடம் பேரமே வேண்டாம்.

தளத்தை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். 'டக் டக்' சத்தம் 'பொத்'தென்று மாறும் இடத்தில் ஃபைபர் அடுக்கு விட்டிருக்கும். பாய்மரத்தின் மேல் குழாயில் ரிவெட்டைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தால் அலுமினியம் அரித்திருக்கிறது. கிழிந்த பாய்க்குக் கவலைப்பட வேண்டாம், அதை மாற்றிக்கொள்ளலாம்.

படகு விற்கும் கிளப்புகள், விலையோடு எடையையும் எழுதி ஒட்ட வேண்டும்.

– ஃபைபர் பட்டறைக்காரர், ராயபுரம், சென்னை