சாராவின் மேடையையும் எழுதுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் பிரெஞ்சு நடிகை சாரா பெர்னார்ட் பற்றிய கட்டுரையைப் படித்தேன். எந்தப் பிரபுவோடு இருந்தார், யார் நகை கொடுத்தார் என்பதிலேயே முக்கால் பக்கம் போய்விட்டது. தலைப்பு வேறு, 'பிரபுக்களின் காதலி'. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

எங்கள் ஆச்சி ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட், அதாவது கதாநாயகன் வேஷம், கட்டியவள். அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர்களில் அம்மன் கொடை என்றால் விடிய விடிய வள்ளி திருமணம். முருகன் வேஷம் ஆச்சிக்கு. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது காதோரம் அரிதாரம் ஒட்டியிருக்கும். தேங்காய் எண்ணெய் தொட்டு நான்தான் துடைத்துவிடுவேன். ராத்திரி கை தட்டியவர்களே டீக்கடையில் அவளைப் பற்றி என்னவெல்லாம் பேசினார்கள் என்பதை இந்தக் காதால் கேட்டிருக்கிறேன்.

சாராவின் தாயாரும் பிரபுக்களின் தயவில் வாழ்ந்தவர்தான். 1864-ல் மகன் பிறந்தபோது சாராவுக்கு இருபது வயதுதான், கல்யாணமும் ஆகவில்லை. அவரும் அந்த வழியில் போனார். அதை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முந்தின வருஷம் நடந்ததையும் எழுத வேண்டாமா? பிரெஞ்சு நாடக ஆசிரியர் மோலியரின் நினைவு விழாவில் சாராவின் தங்கை, சின்னப் பிள்ளை, மூத்த நடிகை ஒருவரின் நீண்ட அங்கியைத் தெரியாமல் மிதித்துவிட்டது. அந்த அம்மாள் பிள்ளையைப் பிடித்துத் தள்ள, சாரா எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்துவிட்டார். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கேட்கவில்லை. பாரிஸின் பெரிய நாடகக் குழுவான கொமெதி பிரான்சேஸில் கிடைத்திருந்த வேலை போயிற்று.

1870-ல் பிரஷ்யப் படைகள் பாரிஸை முற்றுகையிட்டபோது ஒதெயோன் நாடக அரங்கை ஆஸ்பத்திரியாக்கிக் காயம்பட்ட சிப்பாய்களைப் பார்த்துக்கொண்டார். 1915-ல் எழுபது வயதில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அப்புறமும் நாற்காலியில் தூக்கிப்போகச் சொல்லி, போர்முனைக்கே போய் நடித்தார். இதில் ஒரு வரிகூட உங்கள் கட்டுரையில் இல்லை.

ஆச்சி பாடிய வள்ளி திருமணத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் நம் சீமைக்காரர், காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1922 நவம்பரில், பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் காலமானார். அடுத்த மார்ச்சில் பாரிஸில் சாரா.

1899-ல் சாரா ஆண் வேஷம் கட்டி ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டாக நடித்தார். மண்டையோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வேஷத்தில் நிற்கும் படம் இருக்கிறது. அடுத்த வாரம் அதையாவது போடுங்கள். ஆச்சி வேலோடு நிற்கும் படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கல்லிடைக்குறிச்சி