அரிசிப் புத்தகம்

அன்புள்ள சண்முகம்,

முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது கேட்டு நிம்மதி. மாடிப்படி ஏறாதே.

மகளோடு வியட்நாம் தலைநகர் ஹனோய் போய்வந்தேன். ரேஷன் காலத்துச் சாமான்களை வைத்து நடத்தும் ஒரு சாப்பாட்டுக் கடையில், மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு அரிசிப் புத்தகம் பார்த்தேன், நம் ரேஷன் கார்டு மாதிரி. ஓரமெல்லாம் பழுப்பேறிப்போய், மாதத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் கிலோக் கணக்கு. விடியுமுன்னே வரிசையில் பெயர் எழுதிய செங்கல்லை வைத்து இடம் பிடிப்பார்களாம். கடைக்கார அம்மா சொன்னார். யாராவது சோர்ந்திருந்தால் ‘அரிசிப் புத்தகத்தைத் தொலைத்த முகம்’ என்று சொல்வது இன்னும் அங்கே வழக்கம்.

வியட்நாமுக்காகக் கல்லூரி நாளில் தொண்டை கிழியக் கோஷம் போட்டோமே, 1975-இல் போர் முடிந்த அப்புறம் அந்தச் சனம் என்ன சாப்பிட்டது என்று ஒரு நாளாவது கேட்டோமா?

கிம் ஙோக் என்று ஒருவர். வடக்கே வின் ஃபுக் மாகாணத்தில் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர். 1966-இல், குண்டு விழுந்துகொண்டிருந்தபோதே, கூட்டுறவு நிலத்தைக் குடும்பங்களிடம் பிரித்து ஒப்படைத்தார். பேசிய அளவைக் கொடு, மிச்சம் உனக்கு. விளைச்சல் கூடியது. ஆனாலும் 1968-இல் கட்சி அதை நிறுத்தி, அவரைச் சுயவிமர்சனம் செய்யவைத்தது. 1979-இல் இறந்துபோனார்.

1986 டிசம்பரில் கட்சியின் ஆறாவது மாநாடு கூடி ‘டோய் மோய்’ என்று சீர்திருத்தத்தை அறிவித்தபோது, பணவீக்கம் 700 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 1988 தொடக்கத்தில் வடக்கே பட்டினி. அந்த ஏப்ரலில்தான் கட்சியின் பத்தாம் தீர்மானம் வந்து நிலம் குடும்பங்களின் கைக்குப் போனது. மறு வருஷமே பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி! கிம் ஙோக் சொன்னதற்குக் கட்சி கையெழுத்துப் போட இருபது வருஷம் ஆகியிருக்கிறது, சண்முகம். அத்தனை வருஷமும் வரிசையில் செங்கல் நின்றது.

சோவியத் மாதிரிச் சிதறாமல் நாட்டைக் காப்பாற்றினார்களே என்று எழுதியிருந்தாய். சரி, வறுமை குறைந்தது, அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் பொருளாதாரத்தோடு அரசியலையும் திறக்கவேண்டும் என்று பேசிய திரான் சுவான் பாக்கை 1990 மார்ச்சில் கட்சியின் உச்ச அமைப்பான அரசியல் குழுவிலிருந்தே நீக்கினார்கள். முன்னால் ஒருவர் வாயை அடைத்ததற்கு ஊரே பட்டினியாகக் கிடந்ததே, அதற்குப் பிறகுமா? எனக்கு ஆறவில்லை.

பொங்கலுக்கு வருகிறேன். அங்கே வாங்கிய காப்பித்தூள் உனக்காகப் பிரிக்காமல் இருக்கிறது. பதிலை அதுவரை தள்ளிப்போடாதே, எழுது.

உன்
கணேசன்